ஊரகப் பகுதிகளின் மக்கள்தொகைப் பரவலை வரைபடமாக்க எந்தத் தரவைத் தேர்ந்தெடுப்பது?

ஊரகப் பகுதி ஒன்றில் மருத்துவ நிலையத்துக்கு எளிதில் சென்றடையக்கூடிய தொலைவில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அதற்கு அப்பால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்க வேண்டும். உலகளாவிய மக்கள்தொகைக் கட்டத் தரவுகள், அதாவது நிலப்பரப்பைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று சொல்பவை, பல இலவசமாகக் கிடைக்கும்போது, அவற்றுள் 100 மீட்டர் கட்டம் கொண்டதை எடுத்துக்கொண்டால் போதாதா என்பது உங்கள் கேள்வி. கட்டத்தின் அளவை வைத்துத் தேர்ந்தெடுப்பது நகரங்களில் ஓரளவுக்குச் சமாளிக்கக்கூடிய வழி. ஊரகத்தில் அது பெரும் பிழையில் கொண்டுபோய் விடும். அங்கே முதலில் பார்க்க வேண்டியவை, அந்தத் தரவுக்கு அடியில் இருக்கும் கணக்கெடுப்பு அலகு (ஊர், மாவட்டம் போன்று மொத்த எண்ணிக்கை தரப்படும் பகுதி) எவ்வளவு பெரியது என்பதும், அந்தக் கணக்கு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதும்தான். கட்டத்தின் அளவு கடைசியாகப் பார்க்க வேண்டிய செய்தி.

100 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் யாரும் நேரில் சென்று ஆட்களை எண்ணியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு நிர்வாக அலகுக்கு ஒரு மொத்த எண்ணிக்கையைத் தருகிறது. அந்த மொத்தத்தை ஏதேனும் ஒரு விதிப்படி அலகுக்குள் இருக்கும் கட்டங்களுக்குப் பிரித்தளிப்பதே இத்தரவுகளில் பெரும்பாலானவை செய்யும் வேலை. 4,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் இரண்டு லட்சம் மக்களும் கொண்ட ஓர் அலகை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நான்கு லட்சம் கட்டங்கள் அடங்கும். அந்த நான்கு லட்சம் கட்டங்களிலும் எண்கள் நிரம்பியிருக்கும். ஆனால் உண்மையில் எண்ணிப் பெறப்பட்டது ஒரே ஓர் எண்தான். மற்றவை அனைத்தும் கணிப்பு. நகரங்களில் கணக்கெடுப்பு அலகுகள் சிறியவை என்பதால் கணிப்பு தவறினாலும் பிழை சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஊரகத்தில் அலகு பெரிதாக இருப்பதால், ஒரு குடியிருப்பின் மக்கள் முழுவதும் இருபது கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளத்தாக்கில் போய் அமர்ந்துவிடக்கூடும்.

பிரித்தளிக்கும் விதிகளில்தான் இத்தரவுகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சீசின் மையம் வெளியிடும் ஜிபிடபிள்யூ தரவு எந்தத் துணைத் தகவலையும் சேர்க்காமல், அலகின் மக்களைப் பரப்பளவு விகிதத்தில் சமமாகப் பரப்பிவிடுகிறது. அதன் கட்டம் 30 வில்விநாடி, அதாவது நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட வேர்ல்ட்பாப், சாலைத் தொலைவு, நிலப்பயன்பாடு, இரவு ஒளி, சரிவு, உயரம் முதலிய பல அடுக்குகளை இயந்திரக் கற்றலுக்கு உட்படுத்தி, எங்கே மக்கள் அடர்த்தி கூடுதலாக இருக்கும் என்று கணித்து, அதற்கேற்ப ஏறத்தாழ 100 மீட்டர் கட்டங்களுக்குப் பகிர்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் தரும் ஜிஎச்எஸ்-பாப், செயற்கைக்கோள் படங்களிலிருந்து பெற்ற கட்டடப் பரப்பையும் கனஅளவையும் அடிப்படையாகக் கொள்கிறது. 1975 முதல் ஐந்தாண்டு இடைவெளியில் 2030 வரையிலான மதிப்பீடுகளும் முன்கணிப்புகளும் அதில் உண்டு. மெட்டா நிறுவனமும் சீசினும் சேர்ந்து உருவாக்கிய எச்ஆர்எஸ்எல், மிக நுண்ணிய படங்களில் கட்டடம் இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களுக்கு மட்டும் மக்களைச் சமமாகப் பங்கிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் லேண்ட்ஸ்கேன் வேறு வகையைச் சேர்ந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலில் எளிதில் கண்ணுக்குப் படாத ஓர் உறவு இருக்கிறது. ஜிஎச்எஸ்-பாப், எச்ஆர்எஸ்எல் இரண்டும் சீசின் திரட்டிய கணக்கெடுப்பு அலகுகளையே அடித்தளமாகக் கொண்டவை. வேர்ல்ட்பாப் தனது உலகளாவிய 2000–2020 வரிசையையும் சீசினுடன் சேர்ந்தே உருவாக்கியது. ஆகவே மூன்று தரவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூன்றும் ஒத்துப்போகின்றன, எனவே எண் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்வது தவறு. ஒரே சாட்சியை மூன்று பேர் திருப்பிச் சொல்வது மூன்று சாட்சியங்கள் ஆகாது. அலகுக்குள் மக்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதில் இத்தரவுகள் முரண்பட்டால், அந்த முரண்பாடு பயனுள்ள தகவல். எந்த இடத்தில் கணிப்பு உறுதியற்றது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

கணக்கெடுப்பின் வயதும் அலகின் அளவுக்கு இணையாக முக்கியமானது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசியாக முழுக் கணக்கெடுப்பு நடந்தது 1984-இல். ஆப்கானிஸ்தானில் 1979-இல், அதுவும் முழுமையடையவில்லை. இந்த நாடுகளுக்கும் 2020-ஆம் ஆண்டுக்கான 100 மீட்டர் வரைபடம் கிடைக்கத்தான் செய்கிறது. பழைய மொத்தங்களை வளர்ச்சி விகிதத்தால் பெருக்கி நிகழ்காலத்துக்குக் கொண்டுவருவதே இதில் நடக்கிறது. அந்த விகிதம் பெரும்பாலும் நாடு முழுவதற்குமோ ஒரு மாநிலம் முழுவதற்குமோ பொதுவானது என்பதால், ஆட்கள் வெளியேறிக் காலியான ஊரும் புதிதாகக் குடியேற்றம் நிகழ்ந்த ஊரும் ஒரே வேகத்தில் வளர்ந்ததாகவே வரைபடம் காட்டும். எனவே எந்தத் தரவைப் பதிவிறக்கினாலும் அதனுடன் வரும் ஆவணத்தில் உள்ளீட்டு அலகின் நிலை, கணக்கெடுப்பு ஆண்டு ஆகிய இரண்டையும் முதலில் தேடிப் படிக்க வேண்டும். ஜிபிடபிள்யூவின் நான்காம் பதிப்பில், ஒவ்வொரு கட்டமும் சராசரியாக எவ்வளவு பரப்புள்ள அலகிலிருந்து எண்ணைப் பெற்றது என்பதைக் காட்டும் தனி அடுக்கே இருக்கிறது. வேறு தரவைப் பயன்படுத்த முடிவு செய்தவர்களும்கூட முதலில் அந்த அடுக்கைத் திறந்து, தங்கள் ஆய்வுப் பகுதியில் அலகுகள் எவ்வளவு பெரியவை என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஊரகத்தில் இந்தத் தரவுகள் எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதற்கு 2025-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒரு கடுமையான மதிப்பீட்டைத் தந்தது. அணை கட்டும்போது நீரில் மூழ்கும் பகுதியிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, இழப்பீடு கொடுப்பதற்காகத் தனியாகக் கணக்கிடப்படுகிறது என்பதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 35 நாடுகளில் 307 அணைகளை எடுத்து, நீர்ப்பரப்பில் மூழ்கிய கட்டங்களின் மக்கள்தொகையைக் கூட்டி ஒப்பிட்டபோது, 1975 முதல் 2010 வரையிலான காலத்துக்கு அவர்கள் சோதித்த ஐந்து உலகளாவிய தரவுகளும் 53 முதல் 84 விழுக்காடு வரை குறைத்துக் காட்டின. இந்த எண்ணை அப்படியே எடுத்து, உலக ஊரக மக்கள்தொகையே இவ்வளவு குறைவாக மதிப்பிடப்பட்டுள்ளது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அணைகள் கட்டப்படுவது ஆற்றுப் பள்ளத்தாக்குகளில்; அங்கே நீரும் வளமான மண்ணும் இருப்பதால் சுற்றியுள்ள மேட்டு நிலத்தைவிட மக்கள் நெருக்கமாக வாழ்வது இயல்பு. பெரிய அலகின் மக்களைப் பரவலாகத் தெளிக்கும் எந்த முறையும் அத்தகைய இடங்களில் குறைத்தே காட்டும். அதே அலகின் மேட்டு நிலத்தில் கூட்டிக் காட்டியிருக்கும். ஆனால் உங்கள் கேள்விக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது. மருத்துவ நிலையத் திட்டமிடலுக்கு மாவட்ட மொத்தம் சரியாக இருப்பது போதாது. மக்கள் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள் என்பதே அங்கு வேண்டியது, அதிலேதான் இத்தரவுகள் வலுவற்றிருக்கின்றன.

இதை ஓரளவு சரிசெய்யும் நோக்கத்தில் வந்தவை, குடியிருப்பு எனக் கண்டறியப்பட்ட கட்டங்களுக்குள் மட்டும் மக்களை அடக்கும் கட்டுப்படுத்தப்பட்ட தரவுகள். வேர்ல்ட்பாப் இரண்டு வகைகளையும் வெளியிடுகிறது. கட்டுப்படுத்தப்படாத வகையில் காடு, வயல், பொட்டல் என நிலப்பரப்பின் எல்லாக் கட்டங்களிலும் ஏதோ ஒரு சிறு பின்னம் இருக்கும். ஒரு கட்டத்தில் 0.04 ஆள் என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றினாலும், ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர்களுக்கு அதைக் கூட்டும்போது, ஆளே இல்லாத நிலத்தில் ஒரு சிற்றூர் அளவுக்கு மக்கள் சேர்ந்துவிடுவார்கள். கட்டுப்படுத்தப்பட்ட வகையில் இந்தப் பிழை இல்லை. அதற்கு மாறாக, செயற்கைக்கோள் படத்தில் கண்டறியப்படாத குடியிருப்பு முழுவதுமாகச் சுழியம் ஆகிவிடும். ஊரகத்தில் கண்டறியப்படாமல் போகும் வாய்ப்பு குறைவானதல்ல. மண்ணின் நிறத்தோடு ஒன்றிப்போகும் ஓலைக் கூரை, மரக்கிளைகளின் நிழலில் மறையும் வீடு, எப்போதும் மேகம் சூழ்ந்த மலைச்சரிவு, தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் வயல்வீடுகள் ஆகியவை 10 அல்லது 30 மீட்டர் துல்லியமுள்ள படங்களில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அரை மீட்டர் படங்களிலும் சில தப்புகின்றன.

எந்த வகையை எடுப்பது என்பது எந்தப் பிழை உங்கள் வேலைக்குக் கூடுதலாகக் கேடு செய்யும் என்பதைப் பொறுத்தது. சராசரி மழை, வெப்பம், காற்று மாசு ஆகியவற்றுக்கு எத்தனை பேர் ஆளாகிறார்கள் என்று பெரும்பரப்பில் கூட்டிப் பார்ப்பவருக்குக் கட்டுப்படுத்தப்படாத வகை போதும். தடுப்பூசிக் குழுவை அனுப்புபவருக்கு, வரைபடத்தில் சுழியமாகிப்போன ஒரு குக்கிராமம் என்பது தடுப்பூசி போகாத ஊர். ஆகவே அவர் கட்டுப்படுத்தப்பட்ட வகையை எடுத்து, விடுபட்ட குடியிருப்புகளை வேறு மூலங்களிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டும். மருத்துவ நிலையத் தொலைவைக் கணக்கிடும் உங்கள் வேலை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அந்தத் தேடலுக்கு இன்று கிடைக்கும் மிகச் சிறந்த துணை கட்டடத் தடங்கள், அதாவது செயற்கைக்கோள் படத்தில் தெரியும் ஒவ்வொரு கட்டடத்தின் வெளிக்கோடு. கூகுள் 2021-இல் ஆப்பிரிக்காவில் தொடங்கி வெளியிட்ட ஓப்பன் பில்டிங்ஸ் தொகுப்பு, 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பில் தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதிகளையும் சேர்த்து 180 கோடிக் கட்டடங்களை எட்டியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இதேபோன்ற தடங்களை வெளியிடுகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தில் தன்னார்வலர்கள் கையால் வரைந்தவை இருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பொறுத்தவரை, ஒரு பகுதியில் கட்டடம் வரையப்படவில்லை என்பது அங்கே கட்டடம் இல்லை என்பதற்குச் சான்றல்ல. பேரிடர் நிவாரணத்துக்காக வரையப்பட்ட மாவட்டம் முழுமையாகவும் அடுத்த மாவட்டம் வெறுமையாகவும் இருப்பது அங்கு வழக்கம். கூகுள் தொகுப்பில் ஒவ்வொரு தடத்துக்கும் நம்பிக்கை மதிப்பு ஒன்று தரப்பட்டிருக்கிறது. அந்த மதிப்பின் வரம்பை உயர்த்தினால் பாறைகளும் புதர்களும் நீங்கும், கூடவே உண்மையான சிறு குடிசைகளும் நீங்கும். இந்த வரம்பை நாடு முழுவதற்கும் ஒன்றாக வைக்காமல், உங்கள் பகுதியின் சில நூறு தடங்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்வது நல்லது.

கட்டடத்திலிருந்து ஆளுக்குப் போகும் படிதான் கடினமானது. தானியக் குதிர், மாட்டுத் தொழுவம், கோழிப்பண்ணைக் கொட்டகை, பள்ளிக்கூடம், கைவிடப்பட்ட வீடு என எல்லாமே மேலிருந்து பார்த்தால் கூரைதான். சில சமூகங்களில் ஒரு குடும்பம் ஒரு முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு சிறு கட்டடங்களில் வாழ்கிறது. வேறிடத்தில் ஒரே நீண்ட வீட்டில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கூரைப் பரப்பை மக்கள்தொகைக்கு நேர்விகிதமாகக் கொண்டால், ஊரிலேயே பெரிய கட்டடமான கோழிப்பண்ணையில்தான் கூடுதல் மக்கள் வாழ்வதாகக் கணக்கு வரும். ஆகவே ஒரு கட்டடத்துக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தை உள்ளூர்க் குடும்பக் கணக்கெடுப்பிலிருந்து பெற வேண்டும். நாட்டுச் சராசரிக் குடும்ப அளவைக் கட்டட எண்ணிக்கையால் பெருக்கும் குறுக்குவழி ஊரகத்தில் பெரும்பாலும் மிகையான எண்ணையே தரும்.

இரவு ஒளிப் படங்களை ஊரகத்துக்கான முதன்மை மூலமாக நான் பரிந்துரைக்கமாட்டேன். 1992 முதல் 2013 வரை கிடைக்கும், டிஎம்எஸ்பி என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் பழைய வரிசை இதற்குப் போதிய நுட்பம் அற்றது. 2012 முதல் கிடைக்கும், விஐஐஆர்எஸ் என்ற புதிய உணரியின் படங்கள் பலமடங்கு மேலானவை என்றாலும், செயற்கைக்கோள் கடந்து செல்வது நள்ளிரவு தாண்டிய பிறகு என்பதால், விளக்கணைத்துத் தூங்கும் சிற்றூர் அவற்றில் தெரிவதில்லை. இரவு ஒளி அளப்பது மின்வசதியையும் பொருளாதாரச் செயல்பாட்டையும்தான், ஆட்களை அல்ல. கைப்பேசி அழைப்புப் பதிவுகளுக்கும் ஏறத்தாழ இதே குறை உண்டு: ஊரகத்தில் கோபுரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் பல ஊர்கள் அடங்கிவிடும், கைப்பேசி இல்லாதவர்களில் பெண்களும் முதியவர்களும் ஏழைகளும் கூடுதல் என்பதால், கணக்கில் வராதவர்கள் யார் என்பதிலும் ஒரு சாய்வு இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் மக்கள் எப்படி நகர்கிறார்கள் என்று அறிய மட்டும் அந்தப் பதிவுகளுக்கு ஈடு இல்லை.

லேண்ட்ஸ்கேன் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். அது காட்டுவது வசிப்பிடத்தை அல்ல. 24 மணி நேரச் சராசரியில் மக்கள் எங்கே இருப்பார்கள் என்பதை. வயலிலும் சாலையிலும் சந்தையிலும் பகலில் இருப்பவர்கள் அதில் அங்கேயே பங்கிடப்படுகிறார்கள். நிலநடுக்கம், வேதிக்கசிவு போன்ற திடீர் ஆபத்துகளுக்கு அது பொருத்தமான கருத்து. வீட்டிலிருந்து மருத்துவ நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்பவருக்கு அது பொருந்தாது. ஆண்டுதோறும் முறை மேம்படுத்தப்படுவதால், இரண்டு ஆண்டுகளின் லேண்ட்ஸ்கேனைக் கழித்து மக்கள்தொகை மாற்றம் என்று காட்டுவதும் முறையல்ல. நாடோடி மேய்ச்சல் சமூகங்களும் பருவக் கூலித் தொழிலாளர்களும் உள்ள பகுதியில், கணக்கெடுப்பே ஆட்களை வழக்கமான வசிப்பிடத்தில் பதிந்ததா, அன்றிரவு இருந்த இடத்தில் பதிந்ததா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது, அது உங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்துவது. சாலைக்கு அருகில் மக்கள் கூடுதலாக இருப்பார்கள் என்ற அனுமானத்தைப் பயன்படுத்தி உருவாக்கப்பட்ட தரவை எடுத்து, மக்களில் எத்தனை விழுக்காட்டினர் சாலைக்கு அருகில் வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டால், உள்ளே போட்ட அனுமானமே விடையாக வெளியே வரும். மருத்துவ நிலையங்கள் பெரும்பாலும் சாலையோரத்தில் அமைவதால், சென்றடையும் வசதி உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகவே உங்கள் வரைபடம் காட்டும். இந்தக் காரணத்தால், சென்றடையும் தொலைவு பற்றிய ஆய்வுகளில் கட்டடத்தை மட்டும் கொண்டு பகிரும் தரவுகளுக்கே நான் முன்னுரிமை தருவேன்.

கணக்கெடுப்பு மிகப் பழையதாகவோ பாதுகாப்பின்மையால் விடுபட்டதாகவோ இருக்கும் இடத்தில், மேலிருந்து மொத்தத்தைப் பிரிப்பதை விட்டுக் கீழிருந்து கட்டியெழுப்பும் முறை உண்டு. தேர்ந்தெடுத்த சில நூறு சிறு பகுதிகளில் மட்டும் வீடு வீடாக முழுமையாக எண்ணி, அந்த எண்ணுக்கும் கட்டடத் தடங்களுக்கும் உள்ள உறவைப் புள்ளியியல் முறையில் கணித்து, எண்ணப்படாத இடங்களுக்கு அதை நீட்டிப்பது இந்த முறை. 2019 கணக்கெடுப்பில் பாதுகாப்பின்மையால் சென்றடைய முடியாத ஊர்களுக்கு புர்கினா பாசோ இத்தகைய மதிப்பீட்டையே பயன்படுத்தியது. நைஜீரியாவின் வடபகுதியில் போலியோ தடுப்பூசிப் பணிக்காகச் செய்யப்பட்ட குடியிருப்பு வரைபடங்கள் இந்த முறைக்கு வழி திறந்தன. இதன் பெரிய நன்மை, ஒவ்வொரு மதிப்பீட்டோடும் அதன் பிழை வரம்பும் சேர்ந்து கிடைப்பது. மேலிருந்து பிரிக்கும் தரவுகள் பெரும்பாலும் ஒற்றை எண்ணை மட்டும் தந்து, அதன் உறுதியின்மையைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகின்றன.

தரவைத் தேர்ந்தெடுத்த பிறகு அதைக் கையாளுவதிலும் ஊரகத்துக்கே உரிய இழப்புகள் நேர்கின்றன. மக்கள்தொகைக் கட்டம் எண்ணிக்கையைக் கொண்டது. வெப்பநிலையைப் போலச் சராசரி எடுக்கத்தக்கது அல்ல. ஜிஐஎஸ் எனப்படும் வரைபட மென்பொருளில் கட்டத்தின் அளவை மாற்றும்போது இயல்பாக வரும் இடைச்செருகல் முறைகளை (அண்டைக் கட்டங்களின் மதிப்புகளிலிருந்து புதிய மதிப்பைக் கணிப்பவை) பயன்படுத்தினால் மொத்தம் மாறிவிடும். சிறு கட்டங்களைக் கூட்டிப் பெரிதாக்குவதே பாதுகாப்பான வழி. பின்னங்களை முழு எண்ணாக்கினால் அடர்த்தி குறைந்த பகுதி முழுவதும் சுழியமாகும். தரவு இல்லை என்ற குறியீட்டையும் சுழியத்தையும் குழப்பினால் விடுபட்ட பகுதி ஆளற்ற பகுதியாகத் தோன்றும். வில்விநாடிக் கட்டம் எல்லா இடத்திலும் ஒரே பரப்புடையது அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 60 பாகை அட்சரேகையில் அதன் கிழக்கு–மேற்கு அகலம் நிலநடுக்கோட்டில் உள்ளதில் பாதிதான். அடர்த்தியைக் கணக்கிடும்முன் சமப்பரப்பு வீழலுக்கு, அதாவது பரப்பளவு சிதையாத வரைபட முறைக்கு, மாற்றாவிட்டால் வரைபடம் பொய் சொல்லும்.

சரிபார்ப்பு பற்றி ஒன்று. மேலிருந்து பிரித்த தரவின் மாவட்ட மொத்தம் கணக்கெடுப்போடு பொருந்துகிறது என்பது சரிபார்ப்பே அல்ல. அது பொருந்துமாறுதான் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளீட்டு அலகைவிடச் சிறிய அலகில், அந்தத் தரவை உருவாக்கப் பயன்படாத வேறொரு எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஊர் அளவிலான கணக்கெடுப்பு அட்டவணை, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி முகாம் பதிவு, கொசுவலை விநியோகப் பட்டியல் ஆகியவற்றுள் எது கிடைக்கிறதோ அது உதவும். ஒவ்வொன்றிலும் தனித்தனிக் குறை உண்டு: வாக்காளர் பட்டியலில் சிறுவர்கள் இல்லை, இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் நீக்கப்படாமல் இருக்கலாம்; விநியோகப் பட்டியலில் எண் ஊதிப்பெருகும் போக்கு உண்டு. இருந்தாலும் பிழை எந்தத் திசையில் சாய்கிறது என்பதை அவை காட்டிவிடும். மிகச் சிறிய ஊர்களின் கணக்கெடுப்பு எண்களை நாட்டுப் புள்ளியியல் அலுவலகங்கள் தனியுரிமை கருதி வேண்டுமென்றே சற்று மாற்றி வெளியிடுவதுண்டு என்பதையும் கருத்தில் கொள்க. நியூசிலாந்து எண்களை மூன்றின் மடங்குகளாக மாற்றுகிறது, அமெரிக்கா 2020 கணக்கெடுப்பில் புள்ளியியல் இரைச்சலைச் சேர்த்தது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்திடமிருந்து ஊர் அளவிலான அண்மைக் கணக்கெடுப்பு அட்டவணையையும் அதே ஆண்டின் எல்லைக் கோப்பையும் (ஊர்களின் எல்லைகளைக் கொண்ட கணினி வரைபடக் கோப்பு) பெற முயல்வேன். அவை கிடைத்தால், உலகளாவிய கட்டத் தரவு எதுவும் தேவைப்படாமலே, ஒவ்வொரு ஊரின் மொத்தத்தையும் அந்த ஊரின் கட்டடத் தடங்களுக்கு நானே பகிர்ந்துவிடலாம். எல்லைக் கோப்பின் ஆண்டு அட்டவணையோடு பொருந்த வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன், ஏனெனில் நிர்வாக அலகுகள் அடிக்கடி பிரிக்கப்படுகின்றன. ஊர் அளவு கிடைக்காமல் மாவட்ட மொத்தம் மட்டும் கிடைத்தால், எச்ஆர்எஸ்எல்லை, அது இல்லையென்றால் மட்டும் கட்டுப்படுத்தப்பட்ட வேர்ல்ட்பாப்பை எடுத்து, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் தடங்களை அதன்மேல் வைத்து, கட்டடம் இருந்தும் மக்கள் சுழியமாக உள்ள இடங்களைத் தனியே குறித்துக் கள விசாரணைக்கு அனுப்புவேன். கணக்கெடுப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழையது என்றால், இரண்டு வெவ்வேறு தரவுகளில் தனித்தனியாகக் கணக்கிட்டு, விடையை ஒற்றை விழுக்காடாக அல்லாமல் இரண்டுக்கும் இடைப்பட்ட வரம்பாகவே வெளியிடுவேன். இறுதி வரைபடத்தை 100 மீட்டர் கட்டமாக அச்சிடமாட்டேன். அடித்தள அலகு அனுமதிக்கும் அளவுக்கு, ஒன்று அல்லது ஐந்து கிலோமீட்டர் கட்டங்களாகக் கூட்டி, கணக்கெடுப்பு ஆண்டையும் அலகின் சராசரிப் பரப்பையும் வரைபடத்தின் குறிப்புப் பெட்டியிலேயே எழுதிவிடுவேன்.